நாற்பத்தாறு நாள் குட்டி, பதினான்கரைக் கிலோ

யுபினுக்கு இதுவரை மூன்று பெயர்கள். ஒன்றைக்கூட அவள் கேட்டு வாங்கவில்லை.

புத்த ஆண்டு 2507-இல், அதாவது 1964-இல், பாங்காக்குக்கு வடக்கே நகோன் சவானில் பிறந்தபோது அப்பா வைத்த பெயர் புன்மா. ஒன்பதாம் வயதில் இருபத்திரண்டு நாள் விஷக்காய்ச்சலில் கிடந்தாள். பிறந்த கிழமைக்குப் பெயர் ஆகவில்லை என்று பக்கத்துக் கோயில் பிக்கு சொன்னார். காய்ச்சல் இறங்குவதற்கு முன்பே அம்மா அவளைச் சாய்ருங் ஆக்கிவிட்டாள். பதினேழாம் வயதில், நர்ஸ் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுத ஒரு வாரம் இருக்கும்போது, மார்க்கெட்டில் உட்காரும் ஜோசியக்காரி ஒருத்தியைப் பார்த்துவிட்டு வந்த அம்மா அவளை யுபின் ஆக்கினாள்.

தேர்வில் யுபின் பாஸ். ஆனால் ஆரம்பப் பள்ளிச் சான்றிதழ் புன்மாவின் பெயரில் இருந்தது, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் சாய்ருங்கின் பெயரில். வீட்டுப் பதிவேட்டில் யுபின். முதல் பெயர் மாற்றத்துக்கான காகிதமோ மாவட்ட அலுவலகத்துக்குள் ஆற்று வெள்ளம் புகுந்த வருடத்தில் கரைந்து போயிருந்தது. கல்லூரிக் குமாஸ்தா மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"மூணு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்களா, இல்ல நீ மட்டும்தானா?"

அந்த வருடம் போயிற்று. அடுத்த வருடம் அப்பாவும் போனார். நர்ஸ் படிப்பு அத்தோடு சரி. 2526-இல் கால்நடை அலுவலக மருந்தகத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள். அங்கே மாடுகளும் எருமைகளும் சான்றிதழ் கேட்கவில்லை. 2539 முதல் பாலத்துக்கு அருகிலுள்ள தனியார் விலங்கு ஆஸ்பத்திரியில் வேலை. இப்போது அவள் அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ். எல்லாரும் கூப்பிடுவது குங் என்ற செல்லப் பெயரால்தான். இறால் என்று அர்த்தம். பிறந்தபோது சுருண்டு கிடந்தாளாம். ஒரு ஜோசியனும் கை வைக்காமல் விட்டது அந்தப் பெயர் ஒன்றுதான்.

தன் பெயர் இரண்டு தடவை மாறியதாலோ என்னவோ, குங்குக்கு ஒன்று எழுதப்பட்டால் அது எழுதியபடி நிற்க வேண்டும். ஆஸ்பத்திரியில் 2553-இலேயே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் அவள் அட்டைகளை விடவில்லை. சேர்க்கும் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு பச்சை அட்டை. எண், பெயர், எடை, வந்த நேரம், உட்கொண்டது, வெளியேறியது எல்லாம் அதில் ஏறும். பிராணி இறந்தால் அட்டையின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, தேதி, காரணம். பிறகு அது மாடியிலிருக்கும் இரும்பு அலமாரிக்குப் போகும். ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர் எமலோகம். எமனுக்கே கணக்கு எழுதித் தருவது குங் அக்காதான் என்று புதிதாக வரும் டாக்டர்கள் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்து வைப்பாள். ஆனால் இருபது வருடத்தில் சிவப்புக் கோடு போட்ட ஒரு அட்டைகூடக் கீழே திரும்பி வந்ததில்லை. 2559 ஏப்ரல் 21, வியாழக்கிழமை வரைக்கும்.

அன்று காலை 11.05-க்கு மோட்டார் சைக்கிளோடு இணைத்த தள்ளுவண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது லம்துவன். ரயில் நிலையத்துக்கு எதிரே கரி அடுப்பில் பன்றி இறைச்சி சுட்டு விற்பவள், ஐம்பத்தெட்டு வயது. வண்டியில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், நனைந்த துண்டின்மேல் ஒரு கறுப்பு நாய் கிடந்தது. புருவத்தில் இரண்டு மஞ்சள் புள்ளி. குங் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மூக்கில் ஆக்சிஜன் பொருத்தி, பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் லம்துவனை நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்த முகம். பிப்ரவரியில் இதே லம்துவன் இதே மாதிரி ஒரு கறுப்பு நாயைக் கொண்டுவந்து ஆறு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தாள். அந்த நாயின் பெயர் பிரிக், அதாவது மிளகாய். உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி. பிழைத்து வீட்டுக்குப் போனது. மார்ச் 7, திங்கட்கிழமை, காலை 10.20-க்கு லம்துவன் போன் செய்து, பிரிக் செத்துப்போனதாகச் சொன்னாள். என்ன காரணம் என்று குங் கேட்டதற்கு, "கிரகம்" என்றாள். குங் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிச் சிவப்புக் கோடு போட்டாள். ஆறு நாள் கையால் ஊட்டிய நாய். மறுநாள் விடியற்காலையில் பிக்குகளுக்குச் சோறு போட்டு, அந்தப் புண்ணியம் பிரிக்குக்குப் போய்ச் சேரட்டும் என்று தண்ணீரும் ஊற்றினாள்.

"அக்கா, பிரிக் போய் ரெண்டு மாசம்கூட ஆகல. இது அவளோட தங்கச்சியா?"

லம்துவன் தரையைப் பார்த்தாள். "இவ பேரு நாம்ஃபொன்."

மழைத்தண்ணீர் என்று அர்த்தம். நல்ல பெயர்தான். குங் புது அட்டை எடுத்தாள். லம்துவன் சொன்ன போன் எண்ணும் புதிது. எண் மாற்றினால் அதிர்ஷ்டம் வரும் என்று யாரோ சொன்னார்களாம். கம்ப்யூட்டரில் அந்த எண்ணுக்கும் அந்தப் பெயருக்கும் ஒன்றும் வரவில்லை.

"வயசு?"

"நாப்பத்தாறு நாள்."

குங்கின் பேனா நின்றது. தராசைப் பார்த்தாள். 14.5 கிலோ.

"அக்கா, நான் நாயோட வயசைக் கேட்டேன்."

"நானும் நாயோட வயசத்தான் சொன்னேன். நாப்பத்தாறு நாள்."

ஏப்ரல் ஒன்றாம் தேதிதான் வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சிரவிட், நாயின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்திருந்தவர், தலையைத் திருப்பினார். "நாப்பத்தாறு நாள்ல பதினாலரைக் கிலோன்னா, அம்மா, இது நாயா எருமைக்கன்னா?"

"நான் பொய் சொல்ல மாட்டேங்க டாக்டர். அஞ்சு சீலமும் எடுத்திருக்கேன்."

"பல்லெல்லாம் தேஞ்சிருக்கு. குறைஞ்சது ஆறு வயசு."

"பல்லு என்ன வேணா சொல்லட்டும்."

குங் வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

ரத்தப் பரிசோதனை வந்தது. சிவப்பணு நூற்றுக்கு ஒன்பது. சாதாரணமாக நாற்பதுக்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் ஏற்றாவிட்டால் மதியம் தாண்டாது என்று டாக்டர் சொன்னார்.

"அம்மா, இதுக்கு முன்னாடி இவளுக்கு ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

லம்துவன் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "நாம்ஃபொனுக்கா? ஒரு சொட்டுகூட ஏத்துனது கிடையாது."

"அப்ப பிரச்சினை இல்ல. சாங்கைக் கூட்டிட்டு வாங்க."

சாங் ஆஸ்பத்திரியிலேயே வளரும் நாய். முப்பத்துநாலு கிலோ. பெயருக்கேற்ற யானை. நகோன் சவானில் பாதி நாய்களின் உடம்பில் ஓடுவது சாங்கின் ரத்தம்தான் என்று சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். குங்கின் நோட்டின்படி அதுவரை நூற்று நான்கு நாய்கள்.

நாய்க்கு முதல் தடவை எந்த நாயின் ரத்தத்தை ஏற்றினாலும் பெரும்பாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளும். ஆனால் வேற்று ரத்தம் உள்ளே வந்ததை உடம்பு குறித்து வைத்துக்கொள்ளும். இரண்டாம் தடவை அதே வகை வந்தால் விடாது. ஏறிய ரத்தம் அத்தனையையும் உடைத்துப் போடும். நாயும் கூடவே போய்விடும். அதனால்தான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். முதல் தடவை இல்லையென்றால் பொருத்தம் பார்க்க வேண்டும். அதற்கு நாற்பது நிமிடம் ஆகும். கையில் நாற்பது நிமிடம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

ஊசிக்காக நாயின் இடது முன்னங்காலில் முடி மழிக்கப் போனாள் குங். அங்கே கோயில் நூல் ஒன்று கட்டியிருந்தது. மந்திரம் ஓதிக் கட்டும் வெள்ளை நூல், ஒன்பது முடிச்சு. கத்தரிக்கோலை வைத்ததும் லம்துவன் கையைப் பிடித்தாள்.

"அறுக்காதீங்க. அவுத்துடுங்க."

"ஒன்பது முடிச்சு அவுக்கிற வரைக்கும் இவ இருக்க வேணாமா அக்கா?"

நூலை அறுத்துத் தன் மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நூலுக்குக் கீழே முடி ஒரு சதுரமாகக் குட்டையாக இருந்தது. இரண்டு விரல் அகலம், இரண்டு விரல் நீளம். மழித்த இடத்தில் புது முடி வளர்ந்து ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கும். அந்தச் சதுரத்தை எங்கேயும் அவளால் அடையாளம் சொல்ல முடியும். மூலை நான்கும் நேராக மழிப்பவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

குங் குனிந்து நாயின் காதருகே மெல்லச் சொன்னாள். "பிரிக்."

கண் திறக்கவில்லை. ஆனால் வலது காது நிமிர்ந்து, பாதியில் மடிந்தது.

லம்துவன் பாய்ந்து வந்து நாயின் இரண்டு காதையும் இரண்டு உள்ளங்கையாலும் பொத்தினாள். "அந்தப் பேரைச் சொல்லாதீங்க. கேட்டுட்டா போச்சு, எல்லாம் போச்சு."

"இது பிரிக்தான், இல்லையா?"

"பிரிக் செத்துப்போயிட்டா. நீங்கதானே எழுதுனீங்க?"

"நீங்க சொன்னதாலதான் எழுதுனேன்."

"அப்புறம் என்ன? உங்க அட்டையிலேயே செத்துட்டா. இன்னும் என்ன கேள்வி?"

குங்குக்குக் காது மடல் சூடேறியது. இருபது வருட அட்டையில் முதல் தவறு. அதைச் செய்தது அவள் கை. செய்ய வைத்தவள் எதிரே நின்று நாயின் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

"எந்தக் கோயிலுக்குப் போனீங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. கெட்ட கிரகம் பிடித்தவர்களைச் சவப்பெட்டியில் படுக்க வைத்து, மேலே வெள்ளைத் துணி போர்த்தி, பிக்குகள் சாவுக்கு ஓதுவதை ஓதி, பிறகு எழுப்பிப் புதுப் பிறவியாக அனுப்பிவைக்கும் கோயில்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வியாபாரம் படுத்தவர்கள், விபத்தில் தப்பியவர்கள், மூன்றாவது புருஷனும் ஓடிப்போனவர்கள் எல்லாம் வரிசையில் நிற்பார்கள். நாயைப் படுக்க வைத்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

"மார்ச் ஆறாம் தேதி, ஞாயித்துக்கிழமை" என்றாள் லம்துவன். குரல் தாழ்ந்தது. "அசையாம படுத்திருந்தா. சாமியே ஆச்சரியப்பட்டாரு. மிளகான்னு பேரு வெச்சா ரத்தம் எரியத்தான் செய்யும்னாரு. தொண்ணூத்தொம்போது நாள் இவளைப் பழைய பேரால கூப்பிடவோ, பழைய நோவு இவளுக்குன்னு சொல்லவோ கூடாது. சொன்னா கிரகம் வழி கண்டுபிடிச்சு வந்துடும். இன்னும் அம்பத்து மூணு நாள் பாக்கி."

"கிரகம் ஏற்கெனவே வழி கண்டுபிடிச்சு வந்து இந்த மேசையில படுத்திருக்கு அக்கா."

"நீங்க பேரைச் சொன்னதாலதான்."

"நான் சொன்னது இப்பத்தான். இவ விழுந்தது காலையில."

லம்துவன் நாயின் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

பக்கத்து மேசையில் சாங் படுத்தாயிற்று. கழுத்தில் மழித்தாயிற்று. அது பழக்கப்பட்ட நாய், வாலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட்டுக்காகக் காத்திருந்தது. டாக்டர் ஊசியை எடுத்தார்.

"டாக்டர், வேணாம். பிப்ரவரியில இவளுக்கு ரத்தம் ஏத்தியிருக்கோம். சாங்கோடதா இருக்கும்."

"இருக்கும்னா?"

"அட்டையைப் பாக்கணும். மாடியில இருக்கு."

"குங் அக்கா, கறுப்பு நாய், மஞ்சப் புருவம். இந்த ஊர்ல இருநூறு இருக்கும். காது அசைஞ்சதுங்கறதுக்காக நான் காத்துக்கிட்டிருக்க முடியுமா? சொந்தக்காரம்மா ஏத்துனதே இல்லைங்கறாங்க. அவங்க வாயால சொல்லட்டும், நான் நிறுத்தறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. குங் லம்துவன் பக்கம் திரும்பினாள். மிரட்டலாம். கெஞ்சலாம். இரண்டுக்கும் இவள் மசியமாட்டாள் என்று குங்குக்குத் தெரியும். இதே மாதிரி ஒருத்தியோடு அவள் நாற்பது வருடம் வாழ்ந்திருக்கிறாள்.

அவள் அம்மா, பெயர் மாற்றிய நாளிலிருந்து சாகும்வரை ஒரு தடவைகூட அவளைப் புன்மா என்று கூப்பிட்டதில்லை. வேறு யாராவது கூப்பிட்டால் சண்டைக்குப் போவாள். ஆனால் புன்மாவைப் பற்றிப் பேசுவாள். தாராளமாகப் பேசுவாள். செத்துப்போன மூத்த மகளைப் பற்றிப் பேசுவதுபோல. "அந்தப் பொண்ணு புளியங்காய்னா உயிரை விடும், பாவம், காய்ச்சல்ல போயிடுச்சு" என்பாள் எதிரே உட்கார்ந்து புளியங்காய் தின்றுகொண்டிருக்கும் மகளிடமே. குங்குக்கு அப்போதெல்லாம் தட்டைத் தூக்கி எறியலாம் போலிருக்கும்.

செத்தவளைக் கூப்பிடத்தான் கூடாது. செத்தவளைப் பற்றிப் பேசலாம்.

குங் லம்துவனின் தோளைப் பிடித்து மேசையை விட்டு நான்கு அடி நகர்த்தினாள். குரலைத் துக்கம் கேட்கும் குரலாக மாற்றினாள். அதற்கு அவளிடம் இருந்த பொறுமை முழுவதும் செலவானது.

"அக்கா, அன்னிக்கு போன்ல கேட்டதோட சரி. நேர்ல துக்கம் விசாரிக்கவே இல்ல. பிரிக் நல்ல பொண்ணு, இல்ல?"

லம்துவன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு கண் கலங்கியது. "நல்ல பொண்ணு. அடுப்புப் பக்கத்துலயே படுத்திருப்பா. ஒரு துண்டு கறி எடுத்ததில்ல. குடுத்தாத்தான் திம்பா."

"சாகறதுக்கு முன்னாடி ரொம்பக் கஷ்டப்பட்டாளே."

"ஆமா. அஞ்சாறு நாள் இங்கதானே கிடந்தா. நீங்கதானே பாத்தீங்க."

"அவளுக்கு ரத்தம் குடுத்தோம்ல?"

"குடுத்தீங்க. ஒரு பை. அதோ, அந்தக் குண்டனோடது." அவள் கை நீண்டு சாங்கைக் காட்டியது. "அவனுக்குக்கூட நான் மறுநாள் சுட்ட கறி கொண்டாந்து குடுத்தேன். பிரிக் சார்பா."

டாக்டரின் கையில் ஊசி அப்படியே நின்றது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். பிரிக் இப்ப உயிரோட இருந்து, அவளுக்கு மறுபடி சாங்கோட ரத்தத்தை ஏத்துனா, அவ ஒரு மணி நேரத்துல செத்துப்போயிருவா. ஒருதடவை ஏறுன ரத்தம் ரெண்டாந்தடவை விஷம். அது பிரிக் விஷயம். நாம்ஃபொன் விஷயத்துல நீங்கதான் சொல்லணும்."

லம்துவன் மேசையைப் பார்த்தாள், சாங்கைப் பார்த்தாள், குங்கின் முகத்தையும் பார்த்தாள்.

"செத்தவளுக்கு ஆகாதது இவளுக்கு எதுக்கு? அபசகுனம். வேற ஏதாவது ரத்தம் பாருங்க."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். மணி 11.31.

குங் மாடிக்கு ஓடினாள். எமலோகத்தின் சாவி அவள் கழுத்துக் கயிற்றிலேயே இருந்தது. மார்ச் மாதக் கட்டு, மேலிருந்து இரண்டாவது அட்டை, எண் 4417. பிப்ரவரி 23, செவ்வாய்க்கிழமை, ஒரு பை, கொடுத்த நாய் சாங், வகை பாசிட்டிவ். அதற்குக் கீழே, இரண்டு நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து வந்த முடிவை அவளே சிவப்பில் எழுதியிருந்தாள். 'நோயாளி நெகட்டிவ். மறுமுறை ஏற்றினால் நெகட்டிவ் மட்டுமே.' அடிக்கோடும் போட்டிருந்தாள். அந்த அடிக்கோட்டின் குறுக்கேதான் சிவப்புச் சாவுக்கோடு போனது.

நெகட்டிவ் ரத்தம் கொடுக்கும் நாய்கள் அவள் நோட்டில் மூன்று. ஒன்று போன வருடம் இறந்துவிட்டது. ஒன்று பாங்காக்குக்குக் குடிபோய்விட்டது. மூன்றாவது, அரிசி ஆலை கிம்செங்கின் நாய் தெங்மோ. தர்பூசணி என்று பெயர், இருபத்தெட்டுக் கிலோ. போன் போட்டாள். சீன வம்சத்துக்காரரான அவரை ஊரே ஹியா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும்.

"ஹியா, தெங்மோ சாப்பிட்டாச்சா?"

"இல்லம்மா. இப்பத்தான் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உக்கார வெச்சிருக்கேன். ஏன், சாப்பாட்டுக்குக் கூப்பிடறியா?"

"ரத்தம் வேணும். இப்பவே."

"யாரு வீட்டு நாய்க்கு?"

"லம்துவன் அக்கா. ரயில் நிலையத்துக்கிட்டக் கறி சுடறவங்க."

"அவங்க நாய் செத்துப்போச்சுன்னாங்களே? நான் துக்கத்துக்கு அஞ்சு கிலோ அரிசிகூடக் குடுத்தனுப்பினேன்."

குங் கண்ணை மூடித் திறந்தாள். "இது வேற, ஹியா. வாங்க, வண்டியில பேசலாம்."

"நீ எங்க வண்டியில இருக்கே?"

"ஹியா, கிளம்புங்க."

அரிசி மூட்டை வண்டியில் தெங்மோ 11.52-க்கு வந்து இறங்கியது. பவுடர் வாசனை அறை முழுக்கப் பரவியது. அதன் ரத்தத்தில் ஒரு சொட்டு, பிரிக்கினதோ நாம்ஃபொனினதோ அதில் ஒரு சொட்டு என்று சுழற்றும் கருவியில் வைத்தார்கள். அந்த நாற்பது நிமிடம் குங்கின் அட்டையில் எட்டு வரியாக இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி. 12.20-க்கு நாடி நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்தைத் தொட்டு, விரலுக்குப் பிடிபடாமல் நழுவியது. டாக்டர் சிரவிட்டின் நெற்றியிலிருந்து வியர்வை அட்டையில் சொட்டியது. அதையும் அவள் துடைத்துவிட்டு மேலே எழுதினாள். 12.35-க்குப் பொருத்தம் சரி என்று வந்தது. 12.41-க்கு முதல் சொட்டு இறங்கியது.

பை பாதி இறங்கும்போது ஈறு வெளிர் ரோஜா நிறத்துக்கு வந்தது. நாய் கண்ணைத் திறந்து, யாரையும் பார்க்காமல், எதிரே நின்ற தெங்மோவின் பவுடர் வாசனைக்குத் தும்மியது.

"பாத்தீங்களா?" என்றாள் லம்துவன். "சாமி சொன்ன மாதிரியே. மழைத்தண்ணி பேரு, குளிர்ச்சி."

டாக்டர் குங்கைப் பார்த்தார். குங் கூரையைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் கடைசியில், "நான் மார்ச் எட்டாம் தேதி பிரிக்குக்காகச் சோறு போட்டேன். ஒன்பது பிக்கு. அந்தப் புண்ணியம் இப்ப யாரு கணக்குல இருக்கு?"

லம்துவன் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "பிரிக் கணக்குலதான். அதனாலதான் இவளுக்கு நல்ல பிறவி கிடைச்சிருக்கு. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

குங் வெளியே போய்த் தண்ணீர் குடித்தாள். இரண்டு டம்ளர்.

ஐந்தாம் நாள் நாய் வீட்டுக்குப் போனது. சிவப்பணு இருபத்தொன்பது, எடை 14.2. அன்று மாலை குங் இரண்டு அட்டைகளையும் எதிரே வைத்து உட்கார்ந்தாள். 4417, சிவப்புக் கோட்டோடு. 4502, வயதுக் கட்டம் காலியாக. சிவப்புக் கோட்டை அடித்தால் ஆவணத்தைத் திருத்தியது ஆகும். அது அவளுக்கு ஆகாது. அடிக்காவிட்டால் உயிரோடு இருக்கிற நாயின் ரத்த வகை எமலோகத்தில் கிடக்கும். அடுத்த தடவை விடுப்பில் அவள் இருந்தால்? லம்துவன் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால்? இரண்டாவது கேள்விக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரியும். முதலாவதற்குச் செய்யலாம்.

சிவப்புக் கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதினாள்: 'உரிமையாளர் அறிவித்தபடி. பார்க்க 4502.' மற்றதில் வயதுக் கட்டத்தில்: 'உரிமையாளர் கணக்கில் 46 நாள். பல் கணக்கில் 6 வருடம். பார்க்க 4417.' மேல்சட்டைப் பையில் கிடந்த ஒன்பது முடிச்சு நூலை எடுத்து இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கீழ் அலமாரியில், உயிரோடு இருப்பவர்கள் பக்கம் வைத்தாள்.

பிறகு சேர்க்கைப் படிவத்தில் இரண்டு கட்டங்களை அதிகம் சேர்த்து அச்சுக்கு அனுப்பினாள். 'இதற்கு முன் வேறு பெயர் உண்டா?' என்பது ஒன்று. 'எப்போதாவது இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டதுண்டா?' என்பது மற்றது. அச்சகத்திலிருந்து போன் செய்து, இரண்டாவது கேள்வி தவறுதலாக வந்துவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். ஆஸ்பத்திரி முதலாளியும் கேட்டார். அந்தப் படிவத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் முதல் மாதத்திலேயே இருவர் இரண்டாவது கட்டத்தில் ஆம் என்று எழுதினார்கள். ஒன்று பூனை, ஒன்று ஆமை.

ஜூன் 13, திங்கட்கிழமை, தொண்ணூற்றொன்பதாம் நாள். காலை 9.15-க்குத் தள்ளுவண்டி வந்து நின்றது. இந்தத் தடவை நாய் தானே குதித்து இறங்கியது. லம்துவன் வாழையிலைப் பொட்டலத்தில் சுட்ட கறி கொண்டுவந்திருந்தாள். சாங்குக்கு ஒன்று, தெங்மோவுக்குக் கொடுத்தனுப்ப ஒன்று, குங்குக்கு ஒன்று.

"தொண்ணூத்தொம்போது முடிஞ்சுது. இனிமே சொல்லலாம், ஒண்ணும் ஆகாது. பிரிக், பிரிக், பிரிக்." நாய் மூன்று தடவையும் அவளைத் திரும்பிப் பார்த்தது. "பாருங்க, எவ்வளவு சந்தோஷம். படிவத்தைக் குடுங்க தங்கச்சி, நானே ஒழுங்கா எழுதித் தரேன்."

எழுதினாள். நிதானமாக, ஒவ்வொரு கட்டமாக. பிராணியின் பெயர் நாம்ஃபொன். முந்தைய பெயர் பிரிக். இறந்ததாக அறிவிக்கப்பட்டதுண்டா, ஆம், ஒரு தடவை. முன்பு ரத்தம் ஏற்றியதுண்டா, இரண்டு தடவை. குங் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடத்தில் இவ்வளவு நேர்த்தியாக நிரப்பிய படிவத்தை அவள் பார்த்ததில்லை.

கடைசிக் கட்டம், உரிமையாளர் பெயர். அங்கே லம்துவன் பேனாவை நிறுத்தினாள்.

"இதுல எந்தப் பேரு எழுதறது?"

"உங்க பேருதான் அக்கா. லம்துவன்."

"அது போன ஞாயித்துக்கிழமை வரைக்கும். நாய்க்கு இவ்வளவு நல்லா ஆச்சேன்னு நானும் போய்ப் படுத்து எழுந்து வந்துட்டேன். அந்தப் பேரை இப்ப வாயால சொல்லக் கூடாது." அவள் குங்கின் முகத்தைப் பார்த்துவிட்டு அன்பாகக் கையைத் தொட்டாள். "தொண்ணூத்தொம்போது நாள்தான், தங்கச்சி."

குங் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். இழுப்பறையைத் திறந்து இன்னொரு பச்சை அட்டையை எடுத்தாள்.

"சரி," என்றாள். "செத்துப்போன லம்துவன் அக்காவைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."